பெட்டையள் பாக்கிற படம்

போன மாதம் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். கூட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணியும் ரோல்ஸும் கையுமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் சிநேகிதியும் ஒரு மூலையில் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' பற்றி வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். 1995ஆம் ஆண்டு பிபிசி தொடரா, 2005ஆம் ஆண்டுப் படமா, எது திறம்? (இது எங்களுக்குள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து முடியாத சண்டை. முடியத் தேவையுமில்லை.) பக்கத்தில் நின்ற அண்ணை ஒருவர், நிறைய வாசிக்கிறவர், எழுதுகிறவர், நான் மதிக்கிறவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு உந்த வெள்ளைக்காரற்ற கவுணும் டான்ஸும்தான் இலக்கியம். எங்கட சனத்தின்ர கதையைப் பாக்க ஆக்களில்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வாற வழியில் பஸ்ஸுக்குள் வைத்துத்தான் கோபம் வந்தது. எனக்கு எப்பவும் கோபம் பிந்தித்தான் வரும். அண்ணை, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அந்தக் கவுணும் டான்ஸும் பிடிக்கும். மெழுகுதிரி வெளிச்சம், கடிதம் மடித்து மெழுகு ஒட்டுகிற கை, மழையில் நனைந்த வயல், இரண்டு பேர் தொட்டும் தொடாமலும் ஆடுகிற அந்த வரிசை நடனம், எல்லாமே பிடிக்கும். 2005ஆம் ஆண்டுப் படத்தில் டார்சி எலிசபெத்தைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது விரல்களை ஒருக்கால் விரித்து மூடுவானே, அந்த ஒரு செக்கனுக்காக அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இதை ஆராய்ச்சி என்று சொல்லி நான் நியாயப்படுத்தப் போவதில்லை. வடிவாயிருக்கு, பாக்கிறன். அவ்வளவுதான்.

ஆனால் "கவுணும் டான்ஸும்" என்று சொல்கிற ஆள் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பார்த்திருந்தால் "காணியும் காசும்" என்று சொல்லியிருப்பார்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நானும் இரண்டு மச்சாள்மாரும் கரண்ட் இருக்கிற நேரம் லப்ரொப்பைச் சார்ஜ் பண்ணி வைத்து, இருட்டில் அந்தப் பிபிசி தொடரைப் பார்த்தோம். ஆறு பகுதி. ஒரு சார்ஜுக்கு இரண்டு பகுதி தாங்கும். எங்களுக்குப் பின்னால் அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தா. அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது. நாங்கள் சொல்லிக்கொண்டும் இருக்கவில்லை. டார்சி நடனசாலைக்குள் வருகிறான், ஊரே குசுகுசுக்கிறது. அம்மம்மா கேட்டா: "உவனுக்கு எவ்வளவு காணி?"

நாங்கள் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனோம். ஆனால் அந்தக் காட்சியில் ஊர் குசுகுசுப்பதும் அதைத்தான். வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்ஸ். ஆள் உள்ளே வந்து ஐந்து நிமிஷத்துக்குள் அந்தத் தொகை மண்டபம் முழுக்கப் பரவிவிடும். ஜேன் ஒஸ்ரினின் நாவல்களில் ஒரு ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று நாங்கள்தான் கற்பனை பண்ணவேண்டும். வருமானம் எவ்வளவு என்று அவ துல்லியமாக எழுதிவைத்திருப்பா. பிறகு கொலின்ஸ் வந்து அந்த வீட்டின் மேசை, கதிரை, மாடிப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் புளுகும்போது அம்மம்மா இன்னொரு கேள்வி கேட்டா: "உவன்தானோ வீட்டை எடுக்கப் போறவன்?" ஓம் அம்மம்மா, அவன்தான். ஐந்து பெட்டைகள், ஆண்பிள்ளை இல்லை, தகப்பன் செத்தால் வீடும் காணியும் தூரத்துச் சொந்தக்காரனுக்கு. மொழி தெரியாத ஒரு மனுசிக்கு இது எப்படி விளங்கியது? வீடு யாருக்குப் போகும் என்ற பயத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும்.

அந்தக் கொலின்ஸ் எலிசபெத்தைக் கலியாணம் கேட்கிற அதே மூச்சில், உன்னிடம் இருப்பது நாலு வீத வட்டிக்குப் போட்ட ஆயிரம் பவுண்ஸ்தான், அதுவும் தாய் செத்த பிறகுதான் கிடைக்கும், அதை நான் குத்திக்காட்ட மாட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லுவான். வருஷத்துக்கு 40 பவுண்ஸ். டார்சியின் வருமானத்தில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அவள் வேண்டாம் என்கிறாள். அந்த "வேண்டாம்" ஏன் வீரம் என்று விளங்க அந்த 40 தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் திமிர்.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிற்றி' இன்னும் மோசம். சாகக்கிடக்கிற தகப்பன் மகனைக் கூப்பிட்டு, இரண்டாம் தாரத்து மனுசியையும் மூன்று பெட்டைகளையும் பார்த்துக்கொள் என்கிறார். மகன் ஆளுக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுண்ஸ் குடுப்பம் என்று நினைக்கிறான். அவன் மனைவி ஃபனி வாய் திறக்கிறாள். மூவாயிரம் ஆயிரத்து ஐந்நூறாகிறது. பிறகு தாய்க்கு வருஷம் நூறு. அதுவும் வேண்டாம், வருஷா வருஷம் குடுக்கவேண்டியிருந்தால் அந்த மனுசி சாகவே மாட்டா, ஆகவே எப்பவாவது ஒரு ஐம்பது. கடைசியில் வீடு மாற ஒரு கை உதவி, காலத்துக்குக் காலம் மீனும் வேட்டை இறைச்சியும். கடைசிக் கடைசியாக, அவையின்ர பீங்கான் கோப்பைகள் எங்கடயை விட வடிவு என்று அதிலும் ஒரு கண். 1995இல் ஆங் லீ எடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதிய எம்மா தொம்சன் இந்தக் கதையை ஒரே இடத்தில் வைக்கவில்லை. புருஷனும் மனுசியும் வண்டியில் ஊருக்கு வரவர, இடத்துக்கு இடம் தொகை குறைந்துகொண்டே வரும். அந்த வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரு சதமும் மிஞ்சியிராது. அந்தத் திரைக்கதைக்குத்தான் அவவுக்கு ஒஸ்கார் கிடைத்தது.

இதை வெள்ளைக்காரக் கதை என்று சொல்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? எங்கட குடும்பங்களில் உயிலும் உறுதியும் சீதனமும் கதைக்கிற இரவுகளில் இந்த ஃபனி இல்லாத வீடு எது? தேசவழமைச் சட்டத்தின்படி கலியாணம் கட்டிய பெண் தன்ர பேரில் இருக்கிற காணியை விற்கப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது அவளுக்குத் தாய் குடுத்த சீதனக் காணியாக இருந்தாலும் சரி. இங்கிலாந்தில் கலியாணம் கட்டிய பெண்களுக்குச் சொந்தச் சொத்து வைத்திருக்கும் உரிமையைக் குடுத்த முக்கியமான சட்டம் 1882இல் வந்தது. நாங்கள் ஒஸ்ரினைப் பார்த்து "அந்தக் காலம்" என்று பெருமூச்சு விடுகிறோம். எந்தக் காலம் என்பதுதான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சரி. அண்ணையை ஒரு நிமிஷம் விட்டுவிட்டு என் பக்கத்து ஆக்களோடும் கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டும். "புத்தகம்தான் திறம், படம் கெடுத்துப்போட்டுது" என்கிற கூட்டம். இவர்களும் என்னைக் களைக்கச் செய்கிறார்கள். ஒவ்வொரு படத்தையும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, ஆசிரியர் கொப்பி திருத்துகிற மாதிரிச் சிவப்புப் பேனையால் பிழை போடுவார்கள். அது நாவலில் இல்லை, இது நாவலில் இல்லை.

இல்லைதான். பிபிசி தொடரில் டார்சி குளத்துக்குள் பாய்ந்து, நனைந்த சேட்டோடு எலிசபெத்துக்கு முன்னால் வந்து நிற்கிறானே, அது ஒஸ்ரின் எழுதாதது. அன்ட்ரூ டேவிஸ் எழுதியது. அதனால் என்ன? நாவல் முழுக்க ஆண்கள்தான் பெண்களைத் தரம் பார்க்கிறார்கள், இவள் பரவாயில்லை, அவள் வடிவில்லை என்று. அந்த ஒரு காட்சியில் பார்வை திரும்புகிறது. பார்க்கிறது அவள், கூச்சப்படுகிறது அவன். உலகம் முழுக்க எத்தனையோ பெண்கள் அந்தச் சேட்டைப் பார்த்துச் சிரித்ததை "மலிவு ரசனை" என்று எழுதியவர்களுக்கு, அதே நாவலில் எத்தனை பெண்கள் சந்தையில் மாடு மாதிரிப் பார்க்கப்படுகிறார்கள் என்பது கண்ணில் பட்டதோ தெரியாது.

அதைவிட நல்ல உதாரணம் ஷார்லட் லூகஸ். வயது 27. எலிசபெத் வேண்டாம் என்று சொன்ன கொலின்ஸை அவள் கட்டிக்கொள்கிறாள். நாவலில் அவள் இதை அமைதியாக, கணக்குப் பார்த்து, எனக்கொரு வசதியான வீடு கிடைத்தால் காணும் என்ற மாதிரிச் செய்கிறாள். 2005இல் ஜோ ரைட் எடுத்த படத்தில் அவள் எலிசபெத்தின் முகத்துக்கு முன்னால் வெடிக்கிறாள். தன் வயதைச் சொல்கிறாள், தாய் தகப்பனுக்குப் பாரமாகிவிட்டதைச் சொல்கிறாள், தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். அந்தப் பேச்சு நாவலில் இல்லை. ஆனால் நாவலின் சிரிப்புக்குக் கீழே கிடந்த பயம் அது. ஒரு படம் புத்தகத்தை எப்படி வாசிக்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. அந்தப் படம் பெனற் வீட்டுக்குள் பன்றியை நடக்க விட்டது, பாவாடைக் கரையில் சேற்றைக் காட்டியது. இவ்வளவு ஏழைகளாக் காட்டினது பிழை என்று முறைப்பாடு வேறு. சேறு தெரியாவிட்டால் மாளிகை ஏன் பெரிதாகத் தெரியும்?

மாறாக, எழுதியதை மறைத்த படங்களும் உண்டு. 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில் ஹீத்கிளிஃப் லிவர்பூல் தெருவில் அநாதையாக எடுக்கப்பட்ட, நிறம் கறுத்த பிள்ளை. இவன் லஸ்கர் பிள்ளையோ என்று அயல்வீட்டு ஆள் சந்தேகப்படுகிற இடமும் அதில் இருக்கிறது. லஸ்கர் என்றால் எங்கட பக்கத்துக் கடல்களிலிருந்து பிரித்தானியக் கப்பல்களில் வேலைக்குப் போன மாலுமிகள். 1939ஆம் ஆண்டுப் படத்தில் அவனாக நடித்தவர் லோரன்ஸ் ஒலிவியர். நாவலின் இரண்டாம் தலைமுறைக் கதையையும் அந்தப் படம் அப்படியே வெட்டிவிட்டது. 2011இல் அன்ட்ரியா ஆர்னல்ட்தான் ஒரு கறுப்பின நடிகரை அந்த இடத்தில் நிற்கவைத்தா. அப்போதும் "நாவலுக்கு விசுவாசமில்லை" என்று முனகினார்கள். நாவலை வாசிக்காத விசுவாசம்.

எல்லா மாற்றமும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 2022இல் நெற்ஃபிளிக்ஸில் வந்த 'பேர்சுவேஷன்' பார்த்து எனக்கு வாய் கசந்துபோனது. நாவலில் ஆன் எலியட் எட்டு வருஷமாக ஒரு பிழையான முடிவைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு வாழ்கிறவள். வீட்டில் ஒருவரும் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. அந்தக் கதையின் வலியே அவளுக்குச் சொல்ல ஆளில்லை என்பதுதான். படத்தில் அவள் கமராவைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருக்கிறாள், பகிடி விடுகிறாள், வைன் குடிக்கிறாள். சொல்ல ஆளில்லாதவளுக்கு இலட்சக்கணக்கான ஆக்களைத் துணைக்குக் குடுத்துவிட்டால் கதை எங்கே? புதுப் பேச்சு பேசினது அதன் குற்றமில்லை. எங்களுக்கு, இளம் ஆக்களுக்கு, துக்கம் விளங்காது என்று நினைத்ததுதான் குற்றம். 1995இல் ரொஜர் மிச்சல் எடுத்ததைத் தேடிப் பாருங்கள். அதில் ஒருவர் முகத்திலும் பவுடர் இல்லை. ஆன் களைத்த முகத்தோடு ஒரு மூலையில் இருக்கிறாள், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்தது.

இனி அண்ணையிடம் திரும்பி வருகிறேன். உங்கட பேச்சில் ஒரு பலமான இடம் இருக்கிறது. நீங்கள் அதைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். இந்த மாளிகைகளுக்குக் காசு எங்கேயிருந்து வந்தது?

ஒஸ்ரினின் 'மான்ஸ்பீல்ட் பார்க்' 1814இல் வந்தது. அந்த வீட்டுக்காரர் சேர் தோமஸுக்கு மேற்கிந்தியத் தீவான அன்டிகுவாவில் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றால் கரும்பு, கரும்பு என்றால் அடிமைகள். அவர் அங்கே போய்த் திரும்பி வந்த பிறகு, அந்த வீட்டில் வளர்கிற ஏழை மருமகள் அடிமை வியாபாரத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாவல் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. எட்வேர்ட் செய்த் 1993இல் இந்த நாவலைப் பற்றி எழுதிய பிறகு அந்த மௌனத்தைக் கேட்காமல் அதை வாசிக்க முடியாது. 1999இல் பற்றிசியா ரொஸிமா அதைப் படமாக எடுத்தபோது மௌனத்தை உடைத்தா. கரைக்கு அப்பால் ஒரு அடிமைக் கப்பல் நிற்கிறது. மூத்த மகன் அன்டிகுவாவில் கண்ட கொடுமைகளைக் கீறிவைத்த கொப்பி அந்தப் பெண்ணின் கையில் அகப்படுகிறது. கனபேருக்குப் பிடிக்கவில்லை. ஒஸ்ரின் எழுதாததை இவ எழுதிவிட்டாவாம். பார்த்தீர்களா, திரும்பவும் அதே சிவப்புப் பேனை.

'பேர்சுவேஷன்' கதாநாயகன் கப்டன் வென்ட்வேர்த் பணக்காரனாகத் திரும்பி வருவது எப்படி? எதிரிக் கப்பல்களைப் பிடித்து, அதற்குக் கிடைக்கிற பங்குக் காசில். 25,000 பவுண்ஸ். ஒஸ்ரினுக்கு இது கேள்விப்பட்ட கதையில்லை, வீட்டுக் கதை. அவவின் இரண்டு சகோதரர்கள் கடற்படையில் இருந்தார்கள். இளைய தம்பி சார்ள்ஸ் அப்படிக் கிடைத்த காசில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகம் பதித்த சிலுவையும் சங்கிலியும் வாங்கிக் குடுத்தவர். அந்தச் சார்ள்ஸ் பிறகு அட்மிரல் ஆகி, கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1852இல் பர்மாப் போருக்குப் போன இடத்தில் இராவதி ஆற்றில் இறந்துபோனார். புதைத்தது எங்கே தெரியுமோ? திருகோணமலையில். நகருக்குள் இருக்கிற பழைய பிரித்தானியச் சேமக்காலையில் அவரின் கல்லறை இருக்கிறது.

ஆகவே "வெள்ளைக்காரக் கதை, எங்களுக்கும் அதுக்கும் என்ன" என்று சொல்கிற ஆள், ஒஸ்ரின்ர சொந்தத் தம்பி எங்கட மண்ணுக்குள் படுத்திருக்கிறார் என்பதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அவர் இங்கே சுற்றுலா வரவில்லை. அந்த நடனசாலையின் மெழுகுதிரிக்கும் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு கப்பல் பாதை இருந்தது. நாங்கள் அந்தப் படங்களைப் பார்க்காமல் விட்டால் அந்தப் பாதை இல்லாமல் போகாது. அதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வாய் இல்லாமல் போகும், அவ்வளவுதான். எனக்கு அன்டிகுவா என்று ஒரு இடம் இருப்பதே இந்தப் படங்களால்தான் தெரியும். எனக்குச் செய்தைப் படிக்கச் சொன்னதும் ஒரு கவுண் படம்தான், அண்ணை.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு விளங்குவதில்லை. 'பொன்னியின் செல்வன்' வந்தபோது நீங்கள் எல்லாரும் முதல் நாளே தியேட்டரில் நின்றீர்கள். நானும் நின்றேன். குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கிற காட்சியில் நானும் விசிலடித்தேன். அதுவும் 1950களில் தொடராக வந்த ஒரு பழைய நாவலைக் கோடிக்கணக்கில் செலவழித்து அந்தக் காலத்து உடுப்போடும் நகையோடும் எடுத்ததுதானே? பீரியட் டிராமா என்று அதைத்தான் சொல்கிறது. அதற்கு ஒருவரும் "பட்டும் நகையும்தான் உங்களுக்கு இலக்கியம்" என்று சொல்லவில்லை. பக்கம் பக்கமாக வரலாறு எழுதினார்கள். அந்தக் கதையில் அருள்மொழிவர்மன் ஈழத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? படையோடு வந்து நிற்கிறான். வந்த படை நல்ல படை, வந்த இளவரசன் நல்ல இளவரசன், ஆகவே கை தட்டு. ஒரு படையெடுப்பைப் பார்த்துக் கை தட்டுவது வரலாற்று உணர்வு, ஒரு பெட்டை வேண்டாத கலியாணத்துக்கு மாட்டேன் என்று சொல்வதைப் பார்த்துக் கை தட்டுவது மேற்கத்தைய மோகம். இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில்தான் தெரிகிறது: ஒன்று பெடியள் பாக்கிற படம், மற்றது பெட்டையள் பாக்கிற படம். குதிரையும் வாளும் இருந்தால் சரித்திரம். கடிதமும் கலியாணமும் இருந்தால் பொழுதுபோக்கு.

(பிரிட்ஜேட்டனைப் பற்றிக் கேட்காதீர்கள். அது பழைய நாவலும் இல்லை. அதில் ஒரு கதாநாயகி "அப்பா" என்று சொன்னதைக் கேட்டு நானும் கதிரையிலிருந்து எழும்பினேன்தான். அடுத்த நிமிஷமே அவளின் வாயில் ஹிந்தியும் வங்காளமும் கலந்து வந்தபோது திரும்ப இருந்துவிட்டேன்.)

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கே பதில் இல்லாத ஒரு இடத்தையும் சொல்லவேண்டும்.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிற்றி'யில் கொலனல் பிரண்டன் என்றொரு ஆள் வருகிறார். முப்பத்தைந்து வயது தாண்டியவர், அதிகம் கதைக்காதவர், மரியான் என்ற இளம் பெட்டையைத் தூரத்தில் நின்று விரும்புகிறவர். இளமையில் அவர் விரும்பிய பெண்ணை, அவளின் சொத்துக்காக, அவரின் தமையனுக்குக் கட்டிவைத்து விடுகிறார்கள். குடும்பக் காணி கடனில் இருந்தது, அவளிடம் காசு இருந்தது. இவர் படையோடு கிழக்கிந்தியாவுக்குப் போய்விடுகிறார். நாவலில் அவர் அங்கே என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இளம் ஆக்கள் அவரைப் பகிடி பண்ணும்போது அங்கே வெக்கையாம், நுளம்பாம், நபாப்புகளாம், பல்லக்குகளாம் என்று சொல்வதோடு சரி. ஆங் லீயின் படத்தில் கடைசித் தங்கச்சி, தேசப்படப் புத்தகமும் கையுமாகத் திரிகிற சின்னவள், கீழைத்தேசம் எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்பாள். அவர் வாசனைத் திரவியத்தைப் பற்றி ஒரு வரி சொல்லுவார். அலன் ரிக்மனின் குரலில் அந்த ஒரு வரி அவ்வளவு வடிவாக இருக்கும். நானும் மயங்கியிருக்கிறேன். ஒரு படைக்காரன் எங்கட பக்கம் வந்துபோன கதை ஒரு வாசமாகி முடிந்துவிடுகிறது.

இந்த நாவலைத் தமிழில் 2000ஆம் ஆண்டில் ராஜீவ் மேனன் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று எடுத்தார். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு, தாத்தாவின் உயில், வீட்டை விட்டு வெளிக்கிட்டுச் சென்னைக்குப் போகிற தாயும் மூன்று பெண்களும். தபுவின் சௌமியாவைப் போல ஒரு எலினோரை இங்கிலாந்திலும் ஒருவரும் எடுக்கவில்லை என்பேன். அதற்காக யாரோடும் சண்டைக்கு வரத் தயார். அந்தப் படத்தில் பிரண்டன்தான் மம்மூட்டி நடித்த மேஜர் பாலா. இப்போது பூத்தோட்டம் வைத்திருக்கிறார். இந்திய இராணுவத்தில் இருந்தவர். ஒரு கால் இல்லை. அந்தக் கால் போனது இலங்கையில், அமைதிப்படையோடு வந்த இடத்தில்.

நான் அந்தப் படத்தை முதல் பார்த்தபோது எனக்கு இது விளங்கவில்லை. பாலா பாவம் என்று அழுதேன். அபாஸை விட்டுவிட்டு இவரைக் கட்டு என்று ஐஸ்வர்யா ராயைப் பார்த்துக் கத்தினேன். பிறகு நாவலை வாசித்து, கொலனல் எங்கேயிருந்து திரும்பி வந்தவர் என்று தெரிந்த பிறகுதான் விழித்தேன். நாவலில் கிழக்கிந்தியா இருந்த இடத்தில், படத்தில் நாங்கள் இருக்கிறோம். கதாநாயகனுக்குக் காயம் பட்ட இடம். அவர் சோகமாக இருப்பதற்கான காரணம். அவ்வளவுதான் எங்கட வேலை. 1987இலிருந்து 1990 வரை இங்கே என்ன நடந்தது என்று அந்தப் படத்தில் ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. ஒஸ்ரின் வீட்டு விறாந்தையில் ஒருவரும் கேட்காத மாதிரியே. "நாவலுக்கு விசுவாசமான தழுவல்" என்று ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். மௌனத்தைக்கூட விடாமல் தழுவியிருக்கிறார்கள். படம் எடுத்தவர்கள் யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. யோசிக்காததால்தான் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது.

அதற்காக அந்தப் படத்தைப் பார்க்காமல் விடுவேனா? இல்லை. இப்பவும் அது வந்தால் இருந்து பார்ப்பேன். பாட்டு வரும்போது சத்தத்தைக் கூட்டுவேன். பாலா வரும்போது இப்போதும் அவர் பாவம்தான். ஆனால் அவரின் காலைப் பார்க்கும்போது அவர் நின்ற மண்ணையும் பார்க்கிறேன். அந்தப் பார்வையை எனக்குக் குடுத்தது நீங்கள் சிரித்த அந்தக் கவுணும் டான்ஸும்தான், அண்ணை. பிரண்டனைத் தெரியாதிருந்தால் நான் பாலாவையும் கண்டிருக்க மாட்டேன்.

எங்கட அம்மாவுக்குச் சரியான விருப்பமான படம் அது. எங்கட வீட்டில் அதன் சீடி தேய்ந்து, இப்போது யூரியூப்பில் பார்ப்பா. படம் தொடங்குவதே அந்தச் சண்டைக் காட்சியோடுதான், பாலாவுக்குக் கால் போகிற இடம். அம்மா ஒருநாளும் அதைப் பார்ப்பதில்லை. விரலால் இழுத்துவிட்டு, அந்த வீடும் பெட்டைகளும் வருகிற இடத்திலிருந்துதான் தொடங்குவா. 1987இல் அவவுக்குப் பதினொரு வயது. நான் ஏன் என்று கேட்டதில்லை. போன கிழமை கேட்பம் என்று பக்கத்தில் போய் இருந்தேன். அவ எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு, பேசாமல் இரு, இப்ப பாட்டு வரப்போகுது என்றா.